எழுத்து அவளுடையது

ஜூன் 4, திங்கள்

அப்பாவுக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. கோவில்பட்டி வேளாண்மைத் துறை அலுவலகத்தில் இத்தனை வருடம் உதவியாளராக இருந்தவருக்குக் கோயம்புத்தூரில் கண்காணிப்பாளர் பதவி. அம்மா சேமியா பாயசம் வைத்தாள். அதைக் குடித்துக்கொண்டே அப்பா சொன்னார்: "தமயந்தி, நீ இங்கயே ஹாஸ்டல்ல சேந்து மிச்ச மூணு வருசத்தையும் முடிச்சிரு. நல்லாப் போய்க்கிட்டு இருக்கத ஏன் கலைக்கணும்?"

நான் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். உங்களை விட்டுட்டு இருக்க முடியாது என்றேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அது பொய் இல்லை. முழுதாக உண்மையும் இல்லை. அதனால்தான் கட்டுரைப் போட்டியில் பரிசாகக் கிடைத்து ஆறு மாதமாகச் சும்மா கிடந்த இந்த டைரியை எடுத்தேன் என்று நினைக்கிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்.

ஜூன் 7, வியாழன்

பல்கலைக்கழகத்தின் கோவை வளாகத்தில் சிவில் பிரிவு இரண்டாம் ஆண்டில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. வேறு கல்லூரியிலிருந்து மாறுதல் கேட்பவர்கள் விண்ணப்பிக்கலாம். முதல் ஆண்டுப் பாடங்கள் எல்லாவற்றிலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். பழைய கல்லூரியிலிருந்து தடையின்மைச் சான்றும் நன்னடத்தைச் சான்றும் வேண்டும். கடைசி நாள் ஜூன் 29.

அப்பா ஒரு பச்சை ஃபைல் வாங்கி, மேலே என் பெயரைப் பெரிதாக எழுதி, எந்தச் சான்றிதழ் எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுவிட்டார். "யுனிவர்சிட்டியிலயே நேராப் படிக்கலாம். நம்ம வீட்டுல யாருக்கு அந்தக் குடுப்பின?" என்று அம்மாவிடம் மூன்று தடவை சொன்னார்.

படிவத்தில் எட்டாவது கேள்வி: மாணவர் மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா? இல்லை என்று எழுதினேன். இல்லைதானே.

ஜூன் 11, திங்கள்

பேச்சி போன் பண்ணினாள். குளித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 12, செவ்வாய்

மறுபடி இரண்டு தடவை. மார்க்கெட்டில் இருந்தேன். சத்தத்தில் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டது.

ஜூன் 14, வியாழன்

தடையின்மைச் சான்றுக்காகக் கல்லூரிக்குப் போனேன். விடுமுறையில் கல்லூரி பஸ் ஓடாது. டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, அந்த வெயிலில் ஒரு மைல் நடந்தேன். அலுவலகத்தில் தங்கப்பழம் சார் மட்டும் இருந்தார். மாணவர் சான்றிதழ் எல்லாம் அவர் பொறுப்பு. என் ஃபைலைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "நீ போறது நல்லதுதாம்மா. ஒங்க கிளாஸ்ல இந்த வருசம் கெட்ட நேரம். அந்தப் பிள்ள முத்துப்பேச்சி விசயத்துல காலேஜ் பேரே போச்சு. ஒன் பிரண்டுதானே அவ?"

"ஒரே பஸ்ல வருவோம் சார்" என்றேன்.

அந்தப் பதில் வழி முழுக்கக் கூடவே வந்தது. ஒரே பஸ்ஸில் வருவோம். எட்டயபுரம் ரோட்டில் அவள் ஏறுவாள். நான் என் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு இடம் கொடுப்பேன். ஒரு வருடம் முழுக்க அப்படித்தான். எங்கள் வகுப்பில் கணக்கில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. முதல் பருவத்தில் நான் கணக்கில் தேறியது அவள் பஸ்ஸில் சொல்லிக்கொடுத்ததால்தான். அவள் அம்மா தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவர். அப்பா இல்லை. அந்த ஊரிலிருந்து இன்ஜினீயரிங் சேர்ந்த முதல் பெண் அவள்.

நடந்தது இதுதான். மே 17 மத்தியானம் இரண்டாம் பருவக் கணிதத் தேர்வு. பறக்கும் படை வந்தது. பேச்சியின் மேசைக்கு அடியில் ஒரு சின்னத் தாள் கிடந்தது. சூத்திரங்களைச் சிறிதாக்கி எடுத்த ஜெராக்ஸ், உள்ளங்கை அளவு. அவள் விடைத்தாளோடு வைத்துப் பார்த்தார்கள். எழுத்து அவளுடையது. அந்த ஹாலில் இருந்த நாற்பது பேரும் பார்த்தோம்.

"எழுத்து என்னுது சார். பேப்பர் என்னுது இல்ல" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

தங்கப்பழம் சார் நன்னடத்தைச் சான்றில் 'மிக நன்று' என்று எழுதி முத்திரை குத்தினார்.

ஜூன் 18, திங்கள்

பேச்சி என் அம்மாவின் போனுக்கு அடித்துவிட்டாள். அம்மா, "இந்தா, ஒன் பிரண்டு" என்று கையில் திணித்துவிட்டாள்.

"ஏட்டி, ஒம் போனுக்கு என்னாச்சு?"

"சார்ஜ் நிக்க மாட்டேங்கு."

"சரி. இருபத்தேழாந் தேதி திருநெல்வேலில விசாரண. பத்து மணிக்கு. சாட்சி இருந்தாக் கூட்டியாரலாம்னு போட்டிருக்கு. நீ வாரியா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அந்தக் கணக்கு நோட்டு மூணு நாளா ஒன்ட்டதான் இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் நீ சொல்ல வேண்டாம். நோட்டு எங் கையில இல்லன்னு தெரிஞ்சாலே அவங்க யோசிப்பாங்கல்லா?"

"பாக்கேன் பேச்சி."

"பாக்கேன்னா வருவியா?"

"வரப் பாக்கேன்."

போனில், அவள் பக்கத்தில், பெட்டி ஒட்டும் இடத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பிறகு, "சரிட்டி, வச்சிருதேன்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஆமாம், நோட்டு என்னிடம்தான் இருந்தது. மே 14 முதல் 17 காலை வரை. பஸ்ஸில்தான் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூன் 20, புதன்

அப்பா கோயம்புத்தூர் போவதற்கு நாள் பார்த்தார். "இருபத்தெட்டு போவமா? இருபத்தேழு ஆபீஸ்ல ஆடிட்டு."

"இருபத்தேழே போயிருவோம்பா. கடைசி நாளுக்கு ஒரு நாள் முன்னப் போனாக் கூட்டமா இருக்கும்."

"ஆடிட்டு அன்னிக்கு எப்படிப் பெர்மிசன் கேக்க?"

"உங்களுக்கு மாறுதல்னு அவங்களுக்குத்தான் தெரியுமே."

அப்பா என்னைப் பார்த்தார். நான் இப்படி எதற்கும் பிடிவாதம் பிடித்தவள் இல்லை. சரி என்று சொல்லிவிட்டார். இருபத்தேழு காலையில் போய்ச் சேரும்படி டிக்கெட் போட்டாயிற்று.

தேதியைத் தேர்ந்தெடுத்தது அப்பாவாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 25, திங்கள்

முடிவுகள் வந்தன. எல்லாவற்றிலும் தேர்ச்சி. கணிதத்தில் 61. அம்மா சாமி படத்துக்கு விளக்கு ஏற்றினாள். பேச்சியின் பதிவெண்ணையும் போட்டுப் பார்த்தேன். எல்லாப் பாடத்துக்கு நேரேயும் 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தது.

ஜூன் 27, புதன்

கோவை வளாகம் பெரியது. வேப்ப மரங்கள். அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கிய கிளார்க் அம்மா ஒவ்வொரு தாளாகப் பார்த்து, பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். எட்டாவது கேள்வியிலும் ஒரு புள்ளி வைத்தார்.

"எல்லாம் கச்சிதமா இருக்கு சார். இப்படி ஃபைல் பண்ணி யாரும் குடுக்கறதில்ல" என்றார் அப்பாவிடம். அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. உறுதிமொழியில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து மணி பார்த்தேன். பதினொன்று பத்து. அங்கே அவளை உள்ளே கூப்பிட்டிருப்பார்கள்.

அப்பா அன்னபூரணி மாதிரி ஏதோ பெயர் போட்ட ஹோட்டலில் நெய் ரோஸ்ட் வாங்கிக்கொடுத்தார். முழுவதும் சாப்பிட்டேன்.

ஜூன் 28, வியாழன்

அவள் போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை.

ஜூலை 9, திங்கள்

மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. இரண்டு இடத்தில் ஒன்று எனக்கு. பதினாறாம் தேதி சேர வேண்டும். அப்பா உத்தரவை ஐந்து பிரதி எடுத்து, ஒன்றை அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். வீட்டில் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். கணித நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்கு ஒதுக்கி வைத்தேன்.

ஜூலை 11, புதன்

மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போனேன். அலுவலக வாசலில் மர பெஞ்சில் பேச்சியின் அம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை எட்டயபுரம் ரோட்டில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக எனக்கு வேகவைத்த நிலக்கடலை கொடுத்தவர். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"எம்மா, நீ பேச்சி கூட வார பிள்ளதான? தமயந்திதான?"

"ஆமா அத்த."

"நல்லவேள வந்த தாயி. ரெண்டு பருவம் எழுதக் கூடாதுன்னுட்டாகளாம். எழுதுனதையும் அடிச்சுட்டாக. அவ இனிமே இங்க காலு வைக்க மாட்டேங்கா. பிளஸ் டூ சர்டிபிகேட்ட வாங்கிட்டு வான்னு என்ன அனுப்பிவிட்டா. இவுக இங்கிலீசுல லெட்டர் கேக்காக. எனக்கு என்ன தெரியும்? நீ எழுதித் தாயேன்."

மடித்து வைத்திருந்த வெள்ளைத் தாளை விரித்து என் முன்னால் வைத்தார். தாளின் ஓரத்தில் தீப்பெட்டிப் பசை விரல்தடம். பேனாவும் கொண்டுவந்திருந்தார்.

பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். என் மகள் முத்துப்பேச்சி குடும்பச் சூழ்நிலை காரணமாகப் படிப்பைத் தொடர விரும்பவில்லை. அவளுடைய அசல் சான்றிதழ்களைத் தயவுசெய்து திருப்பித் தரவும். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம். எழுத்துப்பிழை வரக் கூடாது என்று கவனமாக எழுதினேன். அதில் கவனமாக இருந்தேன்.

"காரணம் என்ன போட்டிருக்க?" என்று கேட்டார்.

"குடும்பச் சூழ்நிலைன்னு."

"அதுவும் சரிதான். காப்பி அடிச்சான்னா போட முடியும்?" கொஞ்சம் நிறுத்தி, "அவ அடிக்கலன்னுதான் சொல்லுதா. நாந்தான் நம்பல. ஒரு நா ரெண்டு அடியும் அடிச்சிட்டேன். பெத்த பிள்ளைய நம்ப முடியல பாரு. எழுத்து அவளுதுன்னு எல்லாரும் சொல்லும்போது நான் என்ன செய்ய?"

கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். தமிழில் எழுத்துக் கூட்டிப் போட்டார். என் கன்னத்தைத் தொட்டு, "நல்லாயிரு தாயி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவருக்கு அடுத்து நான் உள்ளே போய் என் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 12, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

நோட்டை மே 15 அன்று பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். நான்கு பக்கத்தைச் சிறிதாக்கி ஒரே தாளில் எடுத்துத் தரச் சொன்னேன். கடைக்காரர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவருக்கு அதுதான் வேலை. பேச்சியின் எழுத்து சிறிதாக்கினாலும் தெளிவாகத் தெரியும். ஹாலில் அவள் எனக்குப் பக்கத்து வரிசை. முதல் ஒரு மணி நேரம் அந்தத் தாளைத் தொடவே இல்லை. பிறகு ஒரு கணக்குக்குப் பார்த்தேன். பதினாறு மார்க். அப்போது பறக்கும் படை வந்தது. பயத்தில் தாள் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. அவள் மேசைக்கு அடியில் விழுந்துவிட்டது. அவளைப் பிடித்தார்கள்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான். கையைக் காட்டவில்லை. பெயரைச் சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். என்ன எழுதினேன் என்று நினைவில்லை. தேர்ச்சி பெற்றிருக்கிறேன்.

ஜூலை 17, செவ்வாய்

கோயம்புத்தூர். புது வகுப்பு. அறுபத்திரண்டு பேர். எல்லோரும் நன்றாகப் பேசுகிறார்கள். கணிதப் பேராசிரியர் எதை எதையோ நினைவிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, "இது போன பருவத்துலயே உங்களுக்குத் தெரிஞ்சது" என்று பலகையில் எழுதினார். எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதினாறு மார்க் கணக்குதான்.

பக்கத்தில் இருந்த பெண் தன் நோட்டை என் பக்கம் நகர்த்தினாள். வேண்டாம் என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அப்புறம் அவள் பேசவில்லை.

ஜூலை 22, ஞாயிறு

காலை இட்லி சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்கினேன் என்று தெரியவில்லை. அம்மா சட்னி ஊற்ற வந்தவள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

அப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "வேற யாருக்குத் தெரியும்?"

"பேச்சிக்குத் தெரியும்னு நெனக்கேன்."

"அவ எழுத்துல ஏதாவது குடுத்திருக்காளா?"

"இல்ல."

"அப்பம் விடு. அந்தப் பிள்ளைக்கு நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு பருவம் கழிச்சு எழுதிக்கிடலாம். நீ இப்பம் போயிச் சொன்னா ஒனக்கும் போச்சு. எத்தன மேசயில கையெழுத்து வாங்கிருக்கேன்னு தெரியுமா ஒனக்கு? ஒழுங்கு நடவடிக்க இல்லன்னு உறுதிமொழியில நான்லா கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அவ இனிமே எழுத மாட்டாப்பா. சர்டிபிகேட்ட வாங்கிட்டாங்க. அந்த லெட்டர அவங்க அம்மாவுக்கு நாந்தான் எழுதிக் குடுத்தேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "நீயா எழுதிக் குடுத்த?"

"ஆமா."

"அவ அம்மா பக்கத்துல உக்காந்துக்கிட்டா?"

"ஆமாம்மா."

அம்மா அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அப்பா பேப்பரை விரித்துக்கொண்டார். ஒரு பக்கத்தையும் திருப்பவில்லை.

சாயங்காலம் அம்மா என்னிடம் வந்து, "வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லிட்டு வா. ஊருக்குப் போயிட்டு வருவோம்" என்றாள். அப்பாவுக்குக் கேட்கும்படிதான் சொன்னாள்.

ஜூலை 27, வெள்ளி

நடந்ததை எல்லாம் ஒரு கடிதமாக எழுதி எடுத்துப் போயிருந்தேன். அம்மா கூட வந்தாள். பழைய கல்லூரி முதல்வர் கடிதத்தை முழுவதும் படித்தார். படித்துவிட்டு, வந்த மடிப்பிலேயே மடித்து என் பக்கம் நகர்த்தினார்.

"ஏம்மா, முடிஞ்ச கேஸு இது. யுனிவர்சிட்டி ஆர்டரே வந்தாச்சு. நீ இப்ப எங்க ஸ்டூடண்டே இல்ல."

அம்மா சொன்னாள்: "அந்தப் பிள்ளையும் இல்லைங்க சார். அதையும் நீங்க அனுப்பிட்டீங்களே."

"நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். இந்த லெட்டர நான் வாங்கினா, பிடிச்சது தப்பான ஆளன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆகும். அட்மிசன் நேரத்துல இது தேவையா? ஒங்க பொண்ணுக்கு நல்ல எடம் கெடச்சிருக்கு. நிம்மதியாப் படிக்கச் சொல்லுங்க."

குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தால் யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் மணியடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார். வெட்கம் கெட்ட விஷயம், ஒரு நொடி எனக்கு ஆறுதலாக இருந்தது. சொல்லிப் பார்த்தாயிற்று, வாங்கவில்லை, என்ன செய்ய என்று ஒரு குரல் உள்ளே சொன்னது.

வெளியே வராந்தாவில் தங்கப்பழம் சார் பின்னால் வந்தார். அறையில் பேசியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் பேசினார்.

"தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு நேராப் போடுங்கம்மா. பதிவுத் தபால்ல, ஒப்புகை அட்டையோட. இங்கருந்து ஒருத்தரும் அனுப்ப மாட்டாங்க. நான் சொன்னேன்னு வேண்டாம்."

தபால் நிலையத்துக்குப் போகலாம் என்றேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். "மொதல்ல அவட்ட காட்டு. அவளப் பத்தின லெட்டர்லா."

ஜூலை 28, சனி

பேச்சி எட்டயபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இருக்கிறாள் என்று அவள் அம்மா சொன்னார். எதற்கு வந்தோம் என்று நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. பேச்சியிடம் சொல்லாமல் அவரிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அவர் எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அதைக் குடித்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சென்டர் ஒரு டெய்லர் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பம் போட வரிசையில் நின்றார்கள். பேச்சி கேட்டுக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா பேரு? இனிசியல்? பத்தாவதுல எத்தன?" என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை. வரிசையில் இருந்த நான்கு பேரையும் முடித்து அனுப்பிவிட்டுத்தான் எழுந்து வந்தாள். அம்மா தெருவில் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"என்ன?"

கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். மெலிந்திருந்தாள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டைக் கயிறு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

"ஒனக்குத் தெரியும்தான?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"பெரிய மனசுன்னு நெனச்சிராத. சொன்னா யாரு நம்புவா? எழுத்து என்னுது. ஒம்பேரச் சொன்னா, மாட்டுனவ இன்னொருத்திய இழுக்கான்னு சொல்வாங்க. நீயாச் சொன்னாத்தான் உண்டு. சொல்லுவேன்னு பாத்தேன். அன்னிக்கு ஹால்ல பாத்தேன். ஒரு வாரம் பாத்தேன். அப்புறம் நானே போன் பண்ணுனேன். திருநெல்வேலில அந்த ஆபீஸ் வாசல்ல ஒம்பது மணிக்கே போயி உக்காந்துட்டேன். ஒவ்வொரு பஸ்ஸு வரும்போதும் எந்திரிச்சுப் பாத்தேன். எங்கம்மா, யாரட்டி பாக்கன்னு கேட்டா."

நான் அழுதேன். அவள் அழவில்லை. அழுகை நிற்கும்வரை கடை போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கடிதத்தில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இது என்ன எழுதிருக்க? 'அத்தாள் என் கையிலிருந்து நழுவி முத்துப்பேச்சியின் மேசையருகே விழுந்துவிட்டது.'"

"ஆமா."

"நழுவல. கீழ போட்டுட்டு, கால்ல தள்ளுன. செருப்பக் கழத்திட்டு வெறுங்காலால தள்ளுன. எம் பாதத்துல வந்து இடிச்சுது. குனிஞ்சு பாத்தேன். ஒங் காலு அப்பந்தான் உள்ள போச்சு."

என் வாயிலிருந்து இல்லை என்று வந்துவிட்டது. சொன்ன உடனே நினைவு வந்தது. வந்தது என்பதும் சரியில்லை. அது எங்கும் போகவே இல்லை. தரையின் குளிர்ச்சி. பெருவிரலுக்கு அடியில் அந்தத் தாள். இரண்டு மாதமாக, இந்த டைரியில்கூட, 'விழுந்துவிட்டது' என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன்.

"இதத் திருத்தி எழுது. இல்லன்னா இந்த லெட்டர் எனக்கு வேண்டாம்" என்றாள்.

உள்ளே கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தாள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கடிதத்தையும் மறுபடி எழுதினேன். அவள் அடுத்த பையனுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் வாங்கிப் படித்தாள். ஒரு பிரதி எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

மன்னிச்சிரு என்றேன்.

"போஸ்ட் ஆபீசு ஒரு மணிக்கு மூடிருவான்" என்றாள்.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பதிவுத் தபாலில் போட்டோம்.

ஆகஸ்ட் 9, வியாழன்

ஒப்புகை அட்டை வந்தது. அப்பா அதை வாங்கிப் பார்த்தார். என் பெயர் போட்ட பச்சை ஃபைலில் கடைசியாகக் கோத்து வைத்தார். இன்னும் என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 12, புதன்

திருநெல்வேலியில் மறு விசாரணை. இரண்டு பேரையும் ஒரே நாளில் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நடுவில் பேச்சியின் அம்மா. எல்லாம் தெரிந்துவிட்டது அவருக்கு. என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கை மட்டும் பேச்சியின் முழங்கையைப் பிடித்தபடி இருந்தது, ஒரு மணி நேரமும்.

உள்ளே மூன்று பேர். ஒரு அம்மா என்னைக் கேட்டார்: "தேர்ச்சியும் வந்தாச்சு, கேட்ட இடமும் கிடைச்சாச்சு. இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க?"

வழியெல்லாம் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். மனசாட்சி, நேர்மை என்று நல்ல நல்ல வார்த்தைகள். "அன்னிக்கே சொல்லியிருக்கணும் மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

நடுவில் இருந்தவர் பேச்சியைப் பார்த்து, "உனக்குத் தெரிஞ்சிருந்தா முதல் விசாரணையிலயே ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"சொன்னேன் சார். எழுத்து என்னுது, பேப்பர் என்னுது இல்லன்னு சொன்னேன். நீங்க எழுதிக்கிடல."

அவர் ஃபைலைப் புரட்டினார். வெகுநேரம் தேடினார். பிறகு பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். அவர்கள் பஸ் முதலில் வந்தது. அவள் அம்மா ஏறினார். பேச்சி படியில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"முடிவு எது வந்தாலும் நீ எனக்குப் போன் பண்ணாத. நானே பாத்துக்கிடுவேன்."

சரி என்றேன்.

அக்டோபர் 31, புதன்

உத்தரவு வந்தது. என் இரண்டாம் பருவப் பாடங்கள் அனைத்தும் ரத்து. அடுத்த இரண்டு பருவம் தேர்வு எழுதத் தடை. அதனால் கோவை மாறுதலும் ரத்து. வளாக அலுவலகத்தில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று விண்ணப்பத்தில் புள்ளி வைத்த அதே அம்மா வாங்கிக்கொண்டார். பட்டியலில் என் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

முத்துப்பேச்சியின் மீதான தண்டனை நீக்கப்படுகிறது என்று கடைசிப் பத்தியில் இருந்தது. அதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசினார்.

"அடுத்து எந்த மாசம் பரீட்ச எழுத விடுவாங்க?"

"மறு வருசம் நவம்பர்."

"அதுக்கு முன்னக் கூட்டியே ஃபாரம் போடணும். மறந்துராத."

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா எனக்குச் சோறு போட்டாள்.

நவம்பர் 5, திங்கள்

நாளை தீபாவளி. அம்மா முறுக்கு சுட்டாள். நான் பிழிந்து கொடுத்தேன். தங்கப்பழம் சார் அம்மாவுக்குப் போன் பண்ணினாராம். பேச்சி சான்றிதழ்களைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்துச் சேர்ந்துவிட்டாளாம். டிசம்பரில் தொடங்கும் நான்காம் பருவ வகுப்பில் உட்காருகிறாள். விட்டுப்போன மூன்றாம் பருவத்தைச் சேர்த்து எழுத வேண்டும்.

நிறுத்தி வைத்த முடிவுகளை மத்தியானம் இணையத்தில் போட்டுவிட்டார்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு அவள் பதிவெண்ணைப் போட்டேன். அது எனக்கு மனப்பாடம். கணிதம் இரண்டுக்கு நேரே 96.

போனில் அவள் பேர் இருக்கிற இடத்துக்குப் போய் விரல் நின்றது. அழைக்கவில்லை. அவளே பார்த்திருப்பாள்.